புயலில் சேதமான கார்: நிறுத்தி வைத்திருந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

"வண்டியை நான் ஓட்டவே இல்லையே, வாசலில்தானே நின்றிருந்தது. மரம் விழுந்துவிட்டது. இதற்கெல்லாம் இன்சூரன்ஸ் தருவார்களா?" வடகிழக்குப் பருவமழை வந்தால் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இது.

தருவார்கள். கார் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றுகொண்டிருந்ததா என்பது பொருட்டே இல்லை. உங்கள் பாலிசியில் சொந்தச் சேதத்துக்கான பகுதி இருக்க வேண்டும். அதோடு, புயல் ஓய்ந்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். முதலாவதைப் பலர் சரிபார்ப்பதே இல்லை. இரண்டாவதைப் பற்றி யாரும் சொல்லித் தருவதும் இல்லை. புயல் செய்த சேதத்துக்குத்தான் இன்சூரன்ஸ். புயலுக்குப் பிறகு நம் கையால் கூடிய சேதத்துக்கு இல்லை. இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால் கிளெய்மில் பாதி விஷயம் தெளிவாகிவிடும்.

முதலில் பாலிசியை எடுத்துப் பாருங்கள்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமாக எடுக்க வேண்டியது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டுமே. உங்கள் கார் இன்னொருவருக்கோ அவருடைய சொத்துக்கோ ஏற்படுத்தும் பாதிப்பை அது பார்த்துக்கொள்ளும். உங்கள் காருக்கு என்ன ஆனாலும் அதிலிருந்து ஒரு ரூபாய் கிடைக்காது.

உங்கள் காருக்கான பாதுகாப்பு 'ஓன் டேமேஜ்' என்ற பகுதியில் இருக்கிறது. அதுவும் தேர்ட் பார்ட்டியும் சேர்ந்ததைத்தான் 'காம்ப்ரிஹென்சிவ்' அல்லது 'பேக்கேஜ்' பாலிசி என்கிறோம். பேச்சுவழக்கில் 'ஃபுல் கவர்'. தீ, இடி, திருட்டு, கலவரம், நிலநடுக்கம், வெள்ளம், சூறாவளி, புயல், ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு எல்லாம் இந்தப் பகுதியில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. இயற்கைச் சீற்றத்துக்கென்று தனியாகப் பாலிசி எடுக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, 2018 செப்டம்பர் முதல் புதுக் கார்களுக்கு 3 ஆண்டு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸைச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஆனால் அதோடு வரும் ஓன் டேமேஜ் பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். "மூணு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சு" என்று ஷோரூமில் கேட்ட வாக்கியம் மனதில் தங்கிவிடுகிறது. இரண்டாம் ஆண்டில் ஓன் டேமேஜ் காலாவதியானது தெரியாமலேயே வண்டி ஓடுகிறது. போலீஸ் சோதனையிலும் தெரியாது, ஏனென்றால் அவர்கள் பார்ப்பது தேர்ட் பார்ட்டியை. வெள்ளம் வந்த பிறகுதான் தெரியவரும். உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தில் இரண்டு காலக்கெடுக்கள் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். ஓன் டேமேஜுக்கு எதிரே உள்ள தேதியை இன்றைக்கே பாருங்கள். அது முடிந்திருந்தால், 2019 செப்டம்பர் முதல் அந்தப் பகுதியை மட்டும் தனியாக வாங்க முடியும். காலாவதியான பாலிசிக்கு நிறுவனம் வண்டியைப் பரிசோதித்த பிறகே மறுபடி கவர் தரும் என்பதால், வானிலை மையம் ரெட் அலர்ட் கொடுத்த அன்று ஓடினால் வேலைக்காகாது. ஆகஸ்ட், செப்டம்பர்தான் இதற்கு ஏற்ற காலம்.

மரம் விழுந்திருந்தால்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நகரம் முழுக்க ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. தெருவோரம் நின்ற கார்களில் பலவும் அவற்றுக்கு அடியில் சிக்கின. இந்த வகைச் சேதத்தில் பெரிய தகராறு வருவதில்லை. எது விழுந்தது, எங்கே நசுங்கியது என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

ஆனால் மரத்தை அகற்றுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். மாநகராட்சி ஆட்கள் வந்து கிளைகளை அறுத்துப் போட்டுவிட்டால், கூரை நசுங்கிய ஒரு கார்தான் மிஞ்சும். அது எப்படி நசுங்கியது என்பதற்குச் சாட்சி இருக்காது. நம்பர் பிளேட்டும் மரமும் ஒரே படத்தில் வரும்படி ஒன்று, நான்கு பக்கமும் ஒவ்வொன்று, தெரு அடையாளம் தெரியும்படி ஒன்று, முடிந்தால் ஒரு சிறிய வீடியோ. இவ்வளவு போதும். மரத்தோடு மின்கம்பி அறுந்து கிடந்தால் படமும் வேண்டாம், பக்கத்திலேயே போக வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. சென்னையில் மரம் அகற்ற மாநகராட்சியின் 1913.

பக்கத்து வீட்டுச் சுவரோ, கடைப் பலகையோ, மாடியிலிருந்து பறந்து வந்த தகரமோ விழுந்திருந்தாலும் இதே முறைதான். சுவர்க்காரரிடம் சண்டை போட்டு முடித்துவிட்டுத்தான் கிளெய்முக்குப் போக வேண்டும் என்றில்லை. உங்கள் பாலிசியிலேயே நேரடியாகக் கேட்கலாம்.

தண்ணீர் புகுந்திருந்தால்

உண்மையான சிக்கல் இங்கேதான். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில், பள்ளிக்கரணையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நிறுத்தியிருந்த கார்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பட்டவர்களுக்குத் தெரியும், அந்தப் பதற்றம் நியாயமானது.

தண்ணீர் வடிந்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, "ஸ்டார்ட் ஆகுதான்னு ஒரு தடவை பார்ப்போம்" என்பதுதான். தயவுசெய்து செய்யாதீர்கள். செல்ஃப் எடுக்கவே கூடாது. ரிமோட்டில் கதவைத் திறப்பதைக்கூடத் தவிர்த்து, சாவியை உள்ளே நுழைத்து இயந்திர முறையில் திறப்பதுதான் நல்லது.

காரணம் இது. இன்ஜின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறி காற்றை அழுத்துகிறது. காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. ஏர் இன்டேக் (இன்ஜின் காற்றை இழுக்கும் குழாய்) வழியாகப் புகுந்த தண்ணீர் சிலிண்டரில் தேங்கியிருக்கும்போது செல்ஃப் எடுத்தால், மேலே வரும் பிஸ்டன் அந்தத் தண்ணீரில் முட்டி நிற்கிறது. விசை முழுவதும் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடில் இறங்கி அது வளைகிறது. சில நேரம் உடைந்து இன்ஜின் பிளாக்கையே துளைத்துவிடும். இதற்குத்தான் ஹைட்ரோஸ்டேட்டிக் லாக் என்று பெயர். இன்ஜின் நின்றுகொண்டிருந்தவரை தண்ணீர் வெறுமனே உள்ளே கிடந்தது. கழற்றி வடித்துச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சாவியைத் திருப்பிய அந்த ஒரு நொடிதான் அதைக் கொன்றது.

இன்சூரன்ஸ் நிறுவனமும் இப்படித்தான் வாதிடும். பாலிசியில் 'பின்விளைவு இழப்பு', 'இயந்திர, மின் பழுது' ஆகிய இரண்டும் விலக்கப்பட்டிருக்கின்றன. வெள்ளம் காரை நனைத்தது இயற்கைச் சீற்றம். நனைந்த இன்ஜினை நீங்கள் இயக்கியது பின்விளைவு. சீட், கார்ப்பெட், வயரிங், இன்ஜினைக் கழற்றிச் சுத்தம் செய்யும் செலவு ஆகியவை முதல் கணக்கில் வரும். வளைந்த ராடும் உடைந்த பிளாக்கும் இரண்டாவது கணக்கில் தள்ளப்படும். பல லட்சம் ரூபாய் வித்தியாசம் இந்தக் கோட்டில்தான் நிற்கிறது. சேதமடைந்த வண்டியை மேலும் கெடாமல் பார்த்துக்கொள்வதும், பழுது பார்க்கும் முன் ஓட்டினால் அதனால் கூடும் சேதத்துக்கு உரிமையாளரே பொறுப்பு என்பதும் பாலிசி நிபந்தனைகளிலேயே உள்ளன.

'இன்ஜின் புரொடெக்ஷன்' என்ற கூடுதல் கவரை முன்பே எடுத்திருந்தால் இந்த இரண்டாவது கணக்கும் பெருமளவு காப்பாற்றப்படும். தாழ்வான பகுதியில் வீடு இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கும் கவர் இது. பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் பொதுவாக இதைச் சேர்க்க முடியும்.

சரி, சாவியைத் தொடவில்லை. அப்புறம்? பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றத் தெரிந்தால் கழற்றிவிடுங்கள். மின்சாரக் காராக இருந்தால் எதையும் தொடாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். நிறுவனத்தின் உதவி எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள். காரின் வெளியே, கதவு பேனலில், சீட்டில் தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்ற சேற்றுக்கோட்டை, கழுவுவதற்கு முன் படம் எடுங்கள். பிறகு ரெக்கவரி வண்டி வைத்துத்தான் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும். நான்கு சக்கரமும் தரையைத் தொடாத பிளாட்பெட் வண்டி நல்லது. நண்பர் வண்டியில் கயிறு கட்டி இழுத்து, கியரில் போட்டு 'தள்ளு ஸ்டார்ட்' செய்து பார்ப்பது செல்ஃப் எடுப்பதற்குச் சமமான ஆபத்து. இழுவைச் செலவுக்குப் பாலிசியில் ஒரு உச்சவரம்பு உண்டு. பழைய வழக்கமான பாலிசி வாசகத்தில் அது 1,500 ரூபாய். ரோடுசைட் அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் அதன் வழியாகவே கேளுங்கள்.

தகவல் சொல்வதும் சர்வேயர் வருவதும்

கூடிய சீக்கிரம், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள், நிறுவனத்தின் இலவச எண்ணிலோ ஆப்பிலோ சொல்லி கிளெய்ம் எண் வாங்கிவிடுங்கள். புயல் நாளில் செல்போன் டவரே இயங்காது, உண்மைதான். சிக்னல் கிடைத்ததும் ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டால் போதும். தாமதம் ஆனதற்கு நியாயமான காரணம் இருந்தால், தாமதத்தை மட்டுமே சொல்லி உண்மையான கிளெய்மைத் தள்ளக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. போலீஸில் எஃப்ஐஆர் இயற்கைச் சேதத்துக்குப் பொதுவாகத் தேவைப்படாது. ஆர்சி, பாலிசி, ஓட்டுநர் உரிமம், கிளெய்ம் படிவம் ஆகியவை போதும். ஆர்சி வண்டிக்குள்ளேயே இருந்து ஊறிப்போயிருந்தாலும் டிஜிலாக்கரில் உள்ள பிரதி செல்லும்.

கிளெய்ம் படிவத்தில் 'ஓட்டியவர் யார்' என்ற இடம் இருக்கும். வண்டி நின்றிருந்தால் 'நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது' என்று எழுதி, இடமும் நேரமும் குறியுங்கள். வெள்ளத்தில் ஓட்டிப்போய் நின்றுபோன வண்டியை 'நிறுத்தியிருந்தேன்' என்று எழுத வேண்டாம். பொய்யான தகவல் கண்டுபிடிக்கப்பட்டால், கிடைக்க வேண்டியதும் சேர்ந்து போய்விடும். கண்டுபிடிக்கவும் முடியும்.

எப்படி முடியும் என்பதற்கு, சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயரின் வேலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். அவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பார்; எவ்வளவு கழுவித் துடைத்திருந்தாலும் சுருளுக்குள் இருக்கும் துணியில் சேறு படிந்த மட்டம் அப்படியே இருக்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி, ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறியிருந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் போனதைக் குறித்துக்கொள்வார். ஏர் ஃபில்டரைத் திறந்து ஈரமா, மண்ணா என்று பார்ப்பார். ராட் வளைந்திருந்தால், நின்ற இன்ஜினில் ராட் வளையாது என்பது அவருக்குத் தெரியும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மோட்டார் கிளெய்முக்கு உரிமம் பெற்ற சர்வேயர்தான் மதிப்பிட வேண்டும். அவர் பார்த்து முடிக்கும் வரை வண்டியைப் பிரிக்கவோ பழுது பார்க்கவோ கூடாது. ஒர்க்ஷாப்காரர் அவசரப்பட்டாலும் விடாதீர்கள். ஈரமான கார்ப்பெட்டை வெளியே எடுத்துக் காயவைப்பது மட்டும் சர்வேயரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம், இல்லாவிட்டால் நாலு நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.

நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள ஒர்க்ஷாப் என்றால் கேஷ்லெஸ்: உங்கள் பங்கை மட்டும் கட்டினால் போதும். மற்ற இடமென்றால் நீங்கள் முழுத் தொகையைக் கட்டி, ரசீது கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும்.

கையில் எவ்வளவு வரும்?

பில் தொகை முழுவதும் வராது என்பதுதான் முதல் கிளெய்ம் போடுபவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. பழைய பாகத்துக்குப் பதில் புதுப் பாகம் போடும்போது தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி என்றால் பாதி. ஃபைபர் கிளாஸ் 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து: ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை, 1 முதல் 2 ஆண்டு வரை 10 சதவீதம், 3 முதல் 4 ஆண்டு வரை 25, 5 முதல் 10 ஆண்டு வரை 40, அதற்கு மேல் 50.

மூன்றரை வயதான 1200 சிசி கார் ஒன்றின் முன்பக்கத்தில் மரம் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். பானெட் 10,000, முன் கண்ணாடி 8,000, பம்பர் 6,000, பெயின்ட் 8,000, கூலி 6,000. மொத்தம் 38,000 ரூபாய். வரியை இப்போதைக்கு விட்டுவிடலாம். பானெட்டில் 2,500 கழியும். பம்பரில் 3,000 கழியும். பெயின்ட் பில்லில் கால் பங்கை மட்டும் பொருள் செலவாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பதால் 1,000 போகும். கண்ணாடிக்கும் கூலிக்கும் கழிவில்லை. மிச்சம் 31,500. இதிலிருந்து எல்லாக் கிளெய்மிலும் உரிமையாளர் ஏற்க வேண்டிய கட்டாயப் பங்கு, 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய் (அதற்கு மேல் 2,000), கழிந்து 30,500 கிடைக்கும். 'பம்பர் டு பம்பர்' என்று சொல்லப்படும் ஜீரோ டெப்ரிசியேஷன் கவர் இருந்தால் தேய்மானக் கழிவு இல்லாமல் 37,000.

ஆயில், கூலன்ட், நட்டு போல்ட்டு முதலியவை தனிக் கவர் இல்லாவிட்டால் கணக்கில் வராது. காருக்குள் இருந்த லேப்டாப், பை போன்றவை கார் பாலிசியில் அடங்கவே அடங்காது. வெளியில் வாங்கிப் பொருத்திய மியூசிக் சிஸ்டத்தையும் பாலிசியில் குறிப்பிட்டு பிரீமியம் கட்டியிருந்தால்தான் கேட்க முடியும்.

கார் முழுவதுமாகப் போய்விட்டால்

டாஷ்போர்டு வரை முங்கிய காரில் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), ஏர்பேக், வயரிங் என்று எஸ்டிமேட் ஏறிக்கொண்டே போகும். பாலிசியில் ஐடிவி என்று ஒரு தொகை இருக்கும். காரின் விலைப்பட்டியல் மதிப்பில் வயதுக்கேற்பக் கழித்தது போக நிற்கும் மதிப்பு அது. மீட்கவும் பழுது பார்க்கவும் ஆகும் செலவு இந்த ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அதை டோட்டல் லாஸாக, அதாவது முழு இழப்பாகக் கொள்வார்கள். ஐடிவி 4 லட்சம் என்றால் கோடு 3 லட்சத்தில். அப்போது பாகம் பாகமாகத் தேய்மானம் பார்ப்பதில்லை; கட்டாயப் பங்கைக் கழித்து ஐடிவியைத் தருவார்கள். கடன் பாக்கி இருந்தால் முதலில் வங்கிக்குப் போகும், மிச்சம்தான் உங்களுக்கு. சேதமான வண்டியை நிறுவனம் எடுத்துக்கொள்வதா, அதன் சால்வேஜ் மதிப்பை (சேதமான நிலையிலேயே விற்றால் கிடைக்கும் விலையை) கழித்துக்கொண்டு உங்களிடமே விடுவதா என்பதை எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். நிறுவனம் எடுத்துக்கொண்டால், ஆர்சி உங்கள் பெயரிலிருந்து மாறியதா, ரத்தானதா என்பதை உறுதிசெய்யாமல் விடாதீர்கள். அந்த வண்டியை யாரோ பழுது பார்த்து ஓட்டி விபத்து நடந்தால் சம்மன் உங்கள் வீட்டுக்கு வரும்.

பிரீமியம் குறைய வேண்டும் என்று புதுப்பிக்கும்போது ஐடிவியைக் குறைத்துப் போடுகிறவர்கள் பலர். சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, இந்த இடத்தில் பல ஆயிரங்களை இழக்கிறார்கள்.

சின்னச் சேதத்துக்கு யோசித்துக் கேளுங்கள்

கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு நோ கிளெய்ம் போனஸ் உண்டு: ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஆண்டுக்காண்டு ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு சுழியத்துக்கு இறங்கி, மறுபடி 20-லிருந்து ஏற வேண்டும். 50 சதவீதத்தில் இருப்பவரின் அடிப்படை ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 என்று வைத்தால், அடுத்த ஐந்து புதுப்பித்தல்களில் அவர் இழப்பது 6,000, 3,600, 3,000, 1,800, 600; ஆக 15,000 ரூபாய். கார் பழசாக ஆக பிரீமியமும் குறையும் என்பதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் குறைவாக இருக்கும். கிளை விழுந்து ஒரு சைடு மிரரும் லேசான நசுங்கலும் மட்டும் என்றால், கைக்காசு போட்டுச் சரிசெய்வதுதான் லாபம். போனஸைக் காக்கும் தனிக் கவர் எடுத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம்.

மறுத்தால், இழுத்தடித்தால்

2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட விதிகளின்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் அறிக்கை 15 நாளில் வர வேண்டும். அறிக்கை வந்த 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் கிளெய்ம்கள் குவியும்போது தாமதம் நடக்கத்தான் செய்யும். தொலைபேசியில் சொன்னதை எல்லாம் அன்றைக்கே ஒரு மின்னஞ்சலாகவும் போட்டுவைப்பது அப்போது கைகொடுக்கும். சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால், பாலிசியின் எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். "பின்விளைவு இழப்பு" என்று மொத்தக் கிளெய்மையும் தள்ளியிருந்தால், இன்ஜினைத் தவிர்த்து மற்றச் சேதங்களை நேரடி வெள்ளச் சேதமாகப் பிரித்துக் காட்டி மறுபரிசீலனை கேட்கலாம்.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதலில் எழுத வேண்டும். ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதிவு செய்யலாம். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை விசாரிப்பார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் வேண்டியதில்லை. நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். கூடவே வைக்க வேண்டியவை பாலிசி நகல், மறுப்புக் கடிதம், சர்வே அறிக்கை, சேற்றுக்கோடு தெரியும் அந்தப் படங்கள்.